மெல்லிசை மன்னரை லேப்டாப்பில் ஓட்ட வேண்டாம்: எங்கள் ஊர் நோம்பிக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கமிட்டித் தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அண்ணனுக்கும், மற்ற உறுப்பினர்களுக்கும்,

இந்த வருஷ மாரியம்மன் நோம்பி (திருவிழா) நோட்டீஸ் கைக்கு வந்தது. மாவிளக்கு அன்று ராத்திரி மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதன் பாடல்களை வைத்து ட்ராக் இசை நிகழ்ச்சி, கூடவே மாபெரும் எல்இடி திரை என்று போட்டிருக்கிறீர்கள். ட்ராக் என்றால் வாத்திய இசை லேப்டாப்பில் ஓடும், பாடுகிறவர்கள் மட்டும் நேரில் பாடுவார்கள். இத்தனை காலமும் அந்த ராத்திரிக்கு ஆர்க்கெஸ்ட்ராதான் வைத்தோம். இனிமேல் அது வேண்டாம் என்று கமிட்டியில் முடிவாகிவிட்டதாம். காரணம் கேட்டதற்கு உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னது இது: "போன வருசம் எடுபடலைங்களே. அப்புறம், பொட்டியில போட்டாலும் அதே பாட்டுதானுங்க?"

இந்த இரண்டுக்கும் எனக்குப் பதில் இருக்கிறது. கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அங்கே மைக்கைக் கொண்டுவந்து வைப்பது நானாக இருந்தாலும், அதில் பேச எனக்கு முறை வருவதில்லை.

நான் மைக் செட் வைத்துப் பிழைப்பவன் என்பது உங்களுக்குத் தெரியும். அப்பா காலத்தில் வேப்பமரத்தில் கூம்பு ஸ்பீக்கர் கட்டி, ரெக்கார்டு பிளேயரில் முள் மாற்றி மாற்றி ஓட்டினார். இப்போது பெரிய மிக்ஸர், மானிட்டர் எல்லாம் வந்தாயிற்று. ட்ராக் நிகழ்ச்சியால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சொல்லப் போனால் சௌகரியம். பாடுகிறவர்களுக்கு நாலு மைக், லேப்டாப்புக்கு ஒரு ஒயர், வேலை முடிந்தது. ஆர்க்கெஸ்ட்ரா என்றால் மத்தியானமே வந்து தபேலாவுக்கு, டோலக்குக்கு, டிரம்ஸுக்கு, வயலினுக்கு என்று தனித்தனியாக மைக் நட்டு, ஒவ்வொன்றாகச் சத்தம் பார்ப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். ஆகவே சொந்த லாபத்துக்காகப் பேசுகிறான் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

முதலில் அந்த "எடுபடலை" என்ற பேச்சு.

போன வருஷம் கச்சேரி மாலை ஆறரைக்கு என்று நோட்டீஸில் இருந்தது. வாத்தியக்காரர்கள் நாலு மணிக்கே வந்துவிட்டார்கள். திருப்பூர், ஈரோடு, கோயமுத்தூர் என்று பல பக்கமிருந்து வந்தவர்கள். பாதிப் பேருக்கு அறுபது தாண்டியிருக்கும். ஆறரைக்கு மேடையில் இருந்தது அவர்களா? இல்லை. வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, நன்கொடை கொடுத்தவர்களுக்குப் பொன்னாடை, பொன்னாடை போர்த்தியவருக்கு ஒரு பொன்னாடை. அவ்வளவு நேரமும் வயலின்காரர்கள் மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டர் பக்கத்தில், பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். உட்கார ஒரு நாற்காலி போடவில்லை. முதல் பாட்டு தொடங்கும்போது எட்டரை.

ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்று 2000-ஆம் வருஷமே விதி வந்துவிட்டது. போலீஸ்காரர் வந்து கடிகாரத்தைக் காட்டுவார் என்பதும் நமக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு மணி நேரத்தைப் பேச்சிலேயே கரைத்துவிட்டு, ஒன்பதே முக்காலுக்கு மேடையோரம் வந்து "ரெண்டு பாட்டோட முடிச்சுக்குங்க" என்றீர்கள்.

இதைவிட மோசமாக நடந்தது ஒன்று உண்டு. மிக்ஸர் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் எனக்கு அது நன்றாகத் தெரியும். பல்லவி முடிந்து பாடகர் வாயை மூடியதும், உங்கள் ஆள் ஒருவர் மைக்கை வாங்கி, "வெள்ளைக் கலர் கார் கோயில் வாசலை மறைச்சு நிக்குது, உடனே எடுக்கவும்" என்று அறிவிப்பார். அடுத்த பாட்டில் அதே இடத்தில் அன்னதானத்துக்கு அரிசி கொடுத்தவர் பெயர். அதற்கடுத்த பாட்டில் தொலைந்துபோன செருப்பு. பாடகர் நிறுத்தினால் பாட்டும் நின்றுவிட்டது என்று எண்ணம். அண்ணா, அது இடையிசை. வாத்தியக்காரர்கள் வந்ததே அந்த இருபது, முப்பது விநாடிக்காகத்தான். ஒவ்வொரு தடவையும் புல்லாங்குழல்காரர் வாசித்துக்கொண்டுதான் இருந்தார். ஊருக்குக் கேட்டது கார் நம்பர். எம்.எஸ்.வி. பாட்டில் இடையிசையை எடுத்துவிட்டால் அப்புறம் எது எடுபடும்?

நோட்டீஸையும் எடுத்துப் பாருங்கள். பந்தல்காரர் பெயர் இருக்கிறது. வாணவேடிக்கைக்காரர் பெயர் இருக்கிறது. என் மைக் செட் பெயர்கூட இருக்கிறது. வாசித்தவர்களில் ஒருவர் பெயரும் இல்லை; "குழுவினர்" என்ற ஒரே சொல்லில் அத்தனை பேரும் முடிந்துவிட்டார்கள். கச்சேரி தோற்றது என்றால் தோற்கடித்தவர்கள் யார் என்பதையும் கமிட்டி மினிட் புத்தகத்தில் எழுத வேண்டும்.

இனி "அதே பாட்டுதானே" என்ற கேள்வி.

கொஞ்ச நாள் முன்பு கோயமுத்தூரில் ஓர் அரங்கத்தில் மெல்லிசை மன்னர் பாடல்களுக்காக மட்டும் ஒரு மாலை நடந்தது. வாசித்தவர்கள் எல்லாரும் பழைய ஆட்கள். சிலர் அவருக்கே சென்னை ரெக்கார்டிங் தியேட்டர்களில் வாசித்தவர்கள். மற்றவர்கள் நம் பக்கத்து ஆர்க்கெஸ்ட்ராக்களில் ஊர் ஊராகச் சுற்றியவர்கள். மைக் வைக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

வெளியே சாரல். ஈரத்துக்குப் பாங்கோ தோல் தொய்ந்திருந்தது. அதை வாசிக்கும் பெரியவர் மேடை விளக்குக்குக் கீழே தோல் பக்கத்தைக் காட்டிப் பிடித்துக்கொண்டு, நிமிஷத்துக்கு ஒரு தரம் ஒற்றை விரலால் தட்டிக் காது கொடுத்துப் பார்த்தார். அவருக்குத் திருப்தியாகும்வரை நான் மைக்கை நகர்த்தவில்லை. அக்கார்டியன்காரருக்கு வாத்தியத்தைத் தோளில் மாட்டிவிட ஒருவர் வேண்டியிருந்தது. அதன் துருத்தி மடிப்பில் ஓரிடத்தில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. அக்கார்டியனுக்கு ஒரு மைக் போதாது. வலக்கைக் கட்டைகள் பேசுவது ஒரு பக்கம், இடக்கைப் பொத்தான்கள் பேசுவது இன்னொரு பக்கம். "ரெண்டு வெச்சிருக்கீங்களே, விசயம் தெரிஞ்ச ஆளாட்ட இருக்குது" என்று சிரித்தார். அந்த வார்த்தைக்கே அன்றைய கூலி வந்துவிட்டது.

முதலில் வாசித்தது 'அவளுக்கென்ன அழகிய முகம்'. 1964-இல் வந்த 'சர்வர் சுந்தரம்' படப் பாட்டு. அந்தப் படத்தில் இந்தப் பாட்டே ரெக்கார்டிங் நடப்பதாகத்தான் வரும். எம்.எஸ்.வி. முன்னால் நிற்பார், டி.எம்.சௌந்தரராஜன் மைக்கில் பாடுவார், வாத்தியக்காரர்கள் சுற்றியிருப்பார்கள். திரையில் எத்தனையோ தடவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதை நேரில் கேட்பது வேறு. பாங்கோ தொடங்கியதுமே அரங்கம் கைதட்டியது; பாட்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. டிரம்பெட் ஒரு பக்கமிருந்து கூப்பிட, அக்கார்டியன் இன்னொரு பக்கமிருந்து பதில் சொல்ல, ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெறும் காதால் கேட்டேன். மிக்ஸரில் நான் ஏற்றி இறக்க ஒன்றுமே இல்லை. எவ்வளவு சத்தம் எங்கே வேண்டும் என்பது அவர்கள் கைக்கே தெரிந்திருந்தது.

ஒரு பாட்டில் பாடிய அம்மா சரணத்தை எடுக்கத் தவறிவிட்டார். வரி மறந்துபோயிருக்கும், வயதும் ஆயிற்று. வயலின் முன்வரிசையில் இருந்தவர் தலையை லேசாக அசைத்தார். மொத்தக் குழுவும் அந்த நாலு அட்சரத்தையே இன்னொரு சுற்றுச் சுற்றியது. அதற்குள் அந்த அம்மா வரியைப் பிடித்துவிட்டார். முன்வரிசை ரசிகர்களுக்கே தெரியாது. இன்னொரு பாட்டுக்கு முன்னால் பாடகர், "அரைக்கட்டை இறக்கிக்கலாங்களா?" என்று கேட்டார். சரி என்று தலையாட்டினார்கள், தொடங்கிவிட்டார்கள். லேப்டாப்பில் சுருதியை மாற்ற முடியும், மறுக்கவில்லை. ஆனால் பாடுகிறவர் மூச்சு வாங்கினால் லேப்டாப் காத்திருக்காது. வரி மறந்தால் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும், பாடகர் பின்னால் ஓட வேண்டும். நம் பக்கத்து ட்ராக் மேடைகளில் இதை வாராவாரம் பார்க்கிறேன்.

அன்றைக்கு ஒரு பாட்டு முடிந்ததும் ஜனங்கள் ஒன்ஸ்மோர் கேட்டார்கள். எதைத் தெரியுமா? பாட்டை இல்லை, இரண்டாவது இடையிசையை. அதை மட்டும் தனியாக வாசித்தார்கள், பாடகர்கள் கைகட்டி நின்று கேட்டார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் காலேஜ் படிக்கிற வயதுப் பையன் ஒருவன் மேடைக்கு வந்து அக்கார்டியனைத் தொட்டுப் பார்த்து, "இத்தன நாளா இது கீபோர்டுல வர்ற டோன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க" என்றான். இளவட்டத்துக்குப் பிடிக்காது என்று நீங்கள் சொல்வதற்கு இதுவே பதில். காட்டாததை எப்படிப் பிடிக்கும்?

அந்தப் பாட்டுகள் பிறந்த விதமே அப்படி. அந்தக் காலத்தில் பாடகரும் அத்தனை வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, ஒன்றாக வாசித்து, ஒரே ஓட்டத்தில் பதிவு செய்தார்கள். கடைசி வரியில் ஒருவர் தப்பினாலும் மொத்தமும் முதலிலிருந்து. 1952 முதல் 1965 வரை எம்.எஸ்.வி.யோடு இணைந்து இசையமைத்த டி.கே.ராமமூர்த்தியே ஒரு வயலின்காரர்தான். அக்கார்டியனுக்கு மங்களமூர்த்தி, டிரம்ஸுக்கு நோயல் கிராண்ட், புல்லாங்குழலுக்கு நஞ்சப்பா, குழுவை நடத்த ஹென்றி டேனியல் என்று அவரைச் சுற்றி ஒரு படையே இருந்தது. நீங்கள் எல்இடி திரையில் கதாநாயகனைக் காட்டுவீர்கள், பாடகரைக் காட்டுவீர்கள். இவர்கள் எங்கே வருவார்கள்?

ட்ராக் என்று நீங்கள் வாங்குவது அந்தப் பழைய பதிவுகூட இல்லை. யாரோ ஒருவர் அறைக்குள் உட்கார்ந்து கீபோர்டில் ஒவ்வொன்றாக வாசித்து அடுக்கியது. ஒரு வரிசை வயலின் வாசித்த இடத்தில் ஒற்றை விரல். அதைத் தப்பு என்று சொல்லவில்லை. வீட்டில் பாடிப் பழக, பிறந்தநாளுக்குப் பாட நல்ல வசதி. ஆத்தாவுக்கு எடுக்கிற மாவிளக்கில் திரியைப் பிடுங்கிவிட்டுச் சீரியல் பல்பு வைக்க யாராவது ஒப்புக்கொள்வீர்களா? அதே ராத்திரி, அதே வாசலில் இதை மட்டும் ஏன் வைக்கிறீர்கள்?

இந்த மனிதருக்கும் நமக்கும் உள்ள உறவையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வாளையாறு தாண்டினால் எலப்புள்ளி. 1928 ஜூன் 24 அன்று அவர் பிறந்தது அங்கே. பிழைப்புத் தேடிச் சின்ன வயதில் வந்து சேர்ந்தது கோயமுத்தூர். சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில் எஸ்.எம்.சுப்பையா நாயுடுவிடம் எடுபிடி வேலை செய்துகொண்டே ஆர்மோனியத்தைத் தொட்டவர். எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்து 1947-இல் வெளிவந்த படமும் அங்கே எடுத்ததுதான். பல்லடத்திலிருந்து திருச்சி ரோட்டில் பஸ் ஏறினால் அந்த இடத்தைத் தாண்டித்தான் டவுனுக்குப் போகிறோம். தன் குருநாதர் சுப்பையா நாயுடுவை வயதான காலத்தில் தன்னோடு வைத்துப் பார்த்துக்கொண்டவர் விஸ்வநாதன். அவர் பாட்டை வைத்து நிகழ்ச்சி நடத்துகிறோம் என்று சொல்லிக்கொண்டே வயதான வாத்தியக்காரர்களுக்குக் கதவைச் சாத்துவது எந்த நியாயம்? பத்ம விருது எதுவும் கொடுக்காமலே 2015-இல் அவரை அனுப்பிவைத்தோம். டெல்லியைக் குறை சொல்லி என்ன, நம் ஊர் மேடை நம் கையில்தானே இருக்கிறது.

இன்னொன்று. நோம்பி மேடையில் முதலில் ஒலிக்கிற 'நீராரும் கடலுடுத்த' பாட்டுக்கு மெட்டுப் போட்டவரும் அவர்தான், மோகன ராகத்தில். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்தபோது அரசு என்ன சொன்னது? இசைத்தட்டில் போடுவதைத் தவிர்த்து, பயிற்சி பெற்றவர்கள் வாயாலேயே பாட வேண்டும், 55 விநாடியில் பாட வேண்டும் என்றது. அந்த ஒரு நிமிஷப் பாட்டுக்கே அரசாங்கம் பெட்டி வேண்டாம் என்கிறது. நாமோ அதையும் பென் டிரைவில்தான் போடுகிறோம், பாதியில் சிக்கி நின்று, எழுந்து நின்றவர்கள் உட்காருவதா வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததும் நடந்தது.

பணம் பற்றிப் பேச்சு வரும் என்று தெரியும். ஆர்க்கெஸ்ட்ரா என்றால் பத்துப் பதினைந்து பேருக்குச் சம்பளம், வேன், சாப்பாடு. ட்ராக் என்றால் நாலு பேர். சரி. ஆனால் எல்இடி திரைக்கு ஒரு ராத்திரி வாடகை என்னவென்று பொருளாளர் அண்ணனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கேரளாவிலிருந்து செண்டை மேளம் வருகிறது, வாணவேடிக்கையைப் போன வருஷத்தைவிடப் பெரிதாக்கியிருக்கிறீர்கள். எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. செண்டை எனக்கும் பிடிக்கும். வரி கொடுக்கிற ஊர்க்காரனாகக் கேட்கிறேன்: கையால் வாசிக்கிற செண்டைக்குக் காசு இருக்கிறது, கையால் வாசிக்கிற வயலினுக்கு மட்டும் எப்படி இல்லாமல் போயிற்று?

நம் பக்கத்தில் வாசித்தவர்கள் என்ன ஆனார்கள் என்றும் எனக்குத் தெரியும், ஒயர் சுருட்டிக்கொண்டே பேசுவோம் அல்லவா. ஒரு தபேலாக்காரர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறார். டிரம்பெட் வாசித்தவர் கல்யாண ஊர்வலத்துக்கும் சாவுக்கும் பேண்டு செட்டில் போகிறார். கூப்பிட்டால் இன்றைக்கும் வருவார்கள், நோட்டைப் பார்க்காமலே வாசிப்பார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்வது அவ்வளவு சுலபமில்லை.

கமிட்டியிடம் நான் கேட்பது இவைதான்.

மாவிளக்கு ராத்திரிக்கு ட்ராக் நிகழ்ச்சி என்ற முடிவைத் திரும்பப் பெறுங்கள். நோம்பி தொடங்கும் பூச்சாட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது, ட்ராக் குழுவுக்குக் கொடுத்த அட்வான்ஸ் வீணாக வேண்டாம்; மஞ்சள் நீராட்டு அன்று மாலை அவர்களைப் பாடச் சொல்லுங்கள். மாவிளக்கு அன்று நம் பக்கத்துப் பழைய வாத்தியக்காரர்களை அழைத்து, மெல்லிசை மன்னர் பாடல்களை நேரடியாக வாசிக்க வையுங்கள். யார் யார் இருக்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள் என்ற விவரம் என்னிடம் இருக்கிறது; தேட வேண்டிய சிரமம் உங்களுக்கு இல்லை.

நோட்டீஸை மறுபடி அடிக்கும்போது வாசிப்பவர் பெயரையும் வாத்தியத்தையும் போடுங்கள். பாடகர்கள் பெயர் போடுகிற அதே எழுத்தளவில்.

பொன்னாடையும் பேச்சும் ஆறரைக்குள் முடிய வேண்டும். முடியாவிட்டால் அடுத்த நாள் அன்னதானப் பந்தலில் வைத்துக்கொள்ளலாம். ஆறரைக்குப் பாங்கோ தொடங்கினால் பத்து மணிக்கு யாரும் வந்து நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்காது.

பாட்டு நடக்கும்போது அறிவிப்பு கிடையாது. கார் நம்பரை எழுதி என்னிடம் கொடுங்கள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் நானே படிக்கிறேன். இடையிசையில் யார் வந்து கேட்டாலும் இந்த முறை மைக் கொடுக்க மாட்டேன், இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வருகிறவர்களுக்குச் சாயங்காலமே சாப்பாடு, மேடைக்குப் பின்னால் நாற்காலி, மேடையில் கை வைக்காத நாற்காலி. கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வயலின் வில்லை இழுக்க முடியாது. பேசிய சம்பளத்தை அன்றைக்கு ராத்திரியே, வேன் ஏறும் முன், கையில் கொடுங்கள். "வசூல் வரட்டும்" என்ற பேச்சு வேண்டாம்.

தமிழ்த்தாய் வாழ்த்தை நம் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலு பேர் நின்று பாடட்டும். வாத்தியக்காரர்கள் சுருதி கொடுப்பார்கள். பென் டிரைவ் என் பையிலேயே இருக்கட்டும்.

என் பங்குக்கு, அன்றைக்கு மைக் செட் வாடகை வேண்டாம். ஆட்கள் கூலியும் டீசல் செலவும் மட்டும் கொடுங்கள். இதை நன்கொடைப் பட்டியலில் எழுத வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம்.

பூச்சாட்டுக்கு முந்தின கமிட்டிக் கூட்டத்தில் இந்த மடலை வாசித்து, ஆம் அல்லது இல்லை என்ற பதிலைக் கோயில் போர்டில் ஒட்டுங்கள். இல்லை என்றால் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். கூட்டத்தில் அஞ்சு நிமிஷம் பேசவும் எனக்கு அனுமதி வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் மைக் செட்காரன்